வாரத்துக்கு ஏழு ஆறுதல்

சனிக்கிழமை மதியம் பாத்திரம் கழுவிய கையோடு ஆறுதல் அக்கா துணி அலமாரிக்குள் புகுந்துவிடுவாள். புகுந்துவிடுவாள் என்றால் நிஜமாகவே புகுந்துவிடுவாள். அடித்தட்டில் இருக்கும் போர்வைகளை எடுத்துக் கட்டிலில் எறிந்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு குட்டி முக்காலியைப் போட்டு, முழங்கால் இரண்டும் மோவாயில் முட்ட உட்கார்ந்து, கதவை முக்கால்வாசி சாத்திக்கொள்வாள். தலைக்கு மேல் கணவரின் சட்டைகள் தொங்கும். சட்டைகளுக்கு நடுவே பேசினால் எதிரொலி அடிக்காது என்று சபையில் மைக்செட் பார்க்கிறவர் சொல்லிக்கொடுத்திருந்தார். அன்றிலிருந்து முந்நூறு குடும்பங்களுக்குப் போய்ச் சேரும் தெய்வீக ஆறுதல் அத்தனையும் வியர்வை வாடை போகாத சட்டைகளுக்கு அடியிலிருந்துதான் புறப்பட்டது.

ஒரே உட்காரலில் போனில் ஏழு ஆறுதல் பதிவு செய்வாள், ஒவ்வொன்றும் மூன்று நிமிஷம். திங்கட்கிழமை வேலைக்குப் போகப் பிடிக்காதவர்களுக்கு. செவ்வாய்க்கிழமை நோயாளிகளுக்கு. புதன்கிழமை பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு. வியாழக்கிழமை நல்ல செய்திக்குக் காத்திருப்பவர்களுக்கு. இப்படி வாரத்தைக் கூறு போட்டு வைத்திருந்தாள். நோயாளிகள் செவ்வாய்க்கிழமை தவிர மற்ற நாட்களில் என்ன செய்வார்கள் என்று யாரும் கேட்டதில்லை. நடுவில் வாசல் மணி அடித்தால், "யாரது, நேரங்கெட்ட நேரத்துல வந்து உயிரை வாங்குறது?" என்று அலமாரிக்குள்ளிருந்தே ஒரு கத்து கத்துவாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அன்பானவர்களே, நீடிய பொறுமை என்பது…" என்று விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்வாள்.

பதிவான ஏழையும் சபைச் செயலாளருக்கு அனுப்பிவிடுவாள். செயலாளர் தபால் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். தினமும் எதையாவது பட்டுவாடா செய்யாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. விடிகாலை ஐந்தரைக்கு, ஒரு நிமிஷம் முன்னே பின்னே இல்லாமல், அன்றைய ஆறுதலைச் சபையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார். ஐந்தே முக்காலுக்குள் கும்பிட்ட கைகள் வரிசையாக வந்து விழும். அதில் பாதிப் பேர் கேட்காமலேயே கும்பிடுகிறவர்கள் என்பது அக்காவுக்குத் தெரியும். தெரிந்தாலும் எண்ணிக்கை குறைந்தால் முகம் சுருங்கிவிடும்.

அவள் கணவர் மட்டும் இதில் கிண்டலை விடமாட்டார்.

"ஆண்டவரே வனாந்தரத்துல ஜனங்களுக்கு மன்னா அப்பத்தை அன்னன்னிக்குத்தான் கொடுத்தாரு. மிச்சம் வச்சா புழு வச்சிடும்னு சொன்னாரு. நீ என்னடான்னா ஒரு வாரத்துக்கு மொத்தமா செஞ்சு ஃப்ரிட்ஜ்ல வைக்கிற."

"உங்களுக்கு என்ன தெரியும்? எனக்கு ஷிஃப்ட் வேலை. தினமும் காலைல உட்கார்ந்து பேச முடியுமா?"

"அதைத்தான் நானும் சொல்றேன். அவரோட பேசவும் நேரமில்ல, அவரைப் பத்திப் பேச மட்டும் சனிக்கிழமை."

"வாயை மூடிட்டுப் போங்க, எதிரொலிக்குது" என்று அவள் கதவைச் சாத்திக்கொள்வாள். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. ஆறு வருஷமாக ஆண்டவரைப் பற்றி வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவளுக்கு ஆண்டவரிடம் பேச வாய் இல்லாமல் போயிருந்தது. அதை அவள் கவனிக்கவில்லை. கும்பிட்ட கைகளை எண்ணுகிறவளுக்குத் தன் கையைக் கவனிக்க ஏது நேரம்?

வாரநாட்களில் அவளுக்கு லிஃப்ட் கம்பெனியில் வேலை. லிஃப்ட்டில் மாட்டிக்கொள்கிறவர்களிடம் பேசுகிற வேலை. எந்தக் கட்டடத்திலாவது லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டால், உள்ளே இருப்பவர் சிவப்புப் பொத்தானை அமுக்குவார். அது அவள் காதில் வந்து அலறும். மெக்கானிக்கை அனுப்பிவிட்டு, அவர் போய்ச் சேரும்வரை அவள் அந்த ஆளோடு லைனில் இருக்க வேண்டும். என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்று மேனேஜர் ஓர் அட்டை அச்சடித்து எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்தார். 'இதோ வந்துவிடுவார்' என்று சொல்லக் கூடாது. 'எல்லாம் சரியாகிவிடும்' கூடவே கூடாது. 'பயப்படாதீர்கள்' என்பதும் கூடாது. அதைக் கேட்ட பிறகுதான் பலருக்குப் பயமே பிடிக்கிறதாம். நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் சொல்ல வேண்டும். லிஃப்ட் கீழே விழாது. காற்று வரும். ஆள் கிளம்பிவிட்டார். நான் லைனில் இருக்கிறேன்.

கம்பெனி கொடுக்க விடாத வாக்குறுதிகளை எல்லாம் வாரம் முழுக்க அடக்கி வைத்திருந்து சனிக்கிழமை அலமாரிக்குள் கொட்டித் தீர்த்துவிடுவாள் என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே அவளைத் தடுக்க அட்டை எதுவும் கிடையாது. இன்றே உங்கள் கண்ணீர் துடைக்கப்படும், இந்த வாரமே கதவு திறக்கும், இந்த மாதம் முடிவதற்குள் மகிழ்ச்சி வரும் என்று தேதி போட்டே கொடுப்பாள்.

கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். கற்றுக்கொள்கிறவர் காலடியில் ஒரு பிரேக்கும் இவர் காலடியில் இன்னொரு பிரேக்கும் உள்ள காரில் இருபத்தைந்து வருஷமாக உட்கார்ந்து, பிறர் ஓட்டுவதற்கு இவர் பயந்துகொண்டிருக்கிறார். வீட்டில் டிவி பார்க்கும்போதுகூடக் கார் வேகமாக வளைந்தால் அவர் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். சபைப் பாடகர் குழுவில் அடித்தொண்டைக் குரல் அவருடையது. அவர் சுருதி பிடித்தால் முன்வரிசைப் பெஞ்சு அதிர்வதாகச் சொல்வார்கள்.

அந்தக் குரல் சில மாதங்களாகக் கரகரத்தது. வண்டிக்குள் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது என்று முதலில் நினைத்தார்கள். ஆவி பிடித்தார், தேன் குடித்தார், போதகர் வந்து தலையில் கை வைத்து ஜெபித்தார். பாடகர் குழுத் தலைவர் அவரை முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைக்கு மாற்றினார். பிறகு பாட்டுப் புத்தகங்களை அடுக்கி வைக்கிற ஊழியத்துக்கு உயர்த்தினார். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று அவர் இரண்டு தரம் கேட்டார். "ஒண்ணும் இருக்காதுங்க, விசுவாசமா இருங்க" என்று அக்கா இரண்டு தரமும் சொன்னாள். செவ்வாய்க்கிழமை ஆறுதலிலிருந்து எடுத்துச் சொன்ன வார்த்தை அது. மூன்றாவது தரம் அவர் கேட்காமல் தானே போய்விட்டார்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் தொண்டை டாக்டர் இருவரையும் எதிரே உட்கார வைத்தாள். மகள் வயசுதான் இருக்கும். சுற்றி வளைக்கத் தெரியாத பெண்.

"கேன்சர்தான். குரல்வளையை முழுசா எடுத்தாகணும். தள்ளிப்போட முடியாது. உயிரைக் காப்பாத்த நல்ல வாய்ப்பு இருக்கு, ஆனா நூத்துக்கு நூறுன்னு என்னால சொல்ல முடியாது. பேச்சு போயிடும். கழுத்துல ஒரு துவாரம் வைப்போம், அது வழியா மூச்சு விடுவாரு. பின்னாடி கருவி வச்சுப் பேசப் பழகலாம். அது வேற குரலா இருக்கும்."

"அப்ப இனிமே வீட்டுல சண்டை வந்தா நான்தான் தோத்தவனா?" என்றார் அவர், கரகரவென்று.

டாக்டர் சிரிக்கவில்லை. அக்காவும் சிரிக்கவில்லை. அவரே கொஞ்சம் சிரித்துக்கொண்டார். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது அக்காவுக்கு இரண்டு தரம் கேட்டாரே, இரண்டு தரம் கேட்டாரே என்பதைத் தவிர மனசில் வேறெதுவும் ஓடவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. நல்ல செய்திக்குக் காத்திருப்பவர்களின் நாள்.

ஐந்தரை மணிக்குச் சமையலறையில் அவர் போன் கிணுங்கியது. அவர் வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டார். அலமாரிக்குள் போன சனிக்கிழமை அவள் பேசியது, தேனில் தோய்த்தெடுத்த குரலில் பொங்கி வந்தது. "அன்பானவர்களே! இன்று உங்கள் வீட்டில் கெம்பீர சத்தம் கேட்கும்! மௌனமாய் இருந்த வாய்கள் திறக்கும்! ஆமாம், இன்றைக்கே!"

அக்கா கையில் தேநீர்க் கோப்பையோடு நின்றாள். மூன்று நிமிஷமும் அந்தக் குரல் விடவில்லை. முடிந்ததும் அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"நல்லாத்தான் பேசியிருக்க" என்றார். "சனிக்கிழமை உனக்கு எப்படித் தெரியும், பாவம்."

அவர் கோபித்துக்கொண்டிருந்தால் தேவலாம்போல இருந்தது. அவள் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். அழுதுகொண்டே மண்டியிட்டாள். "சர்வ வல்லமையுள்ள எங்கள் நல்ல ஆண்டவரே" என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்ததுமே அந்தக் குரல் அவளுக்கே குமட்டியது. அதே ஏற்றம், அதே இறக்கம், அதே தேன். ஆறு வருஷமாக உமக்குச் சம்பளமில்லாமல் விளம்பரம் செய்தேனே, அதற்கு இதுவா கூலி என்று உள்ளே ஒரு கேள்வி கிடந்து கொதித்தது. அதைச் சொல்ல அவளுக்குத் துணிச்சல் இல்லை. சொல்லக் கூடியதோ பொய்யாக இருந்தது. ஆமென் சொல்லாமலே எழுந்துவிட்டாள்.

செய்தி சபைக்குள் பரவ அரை நாள் போதுமானதாக இருந்தது. ஜெபக் குறிப்பு என்று பெயர் வைத்துவிட்டால் எந்த வம்பையும் தைரியமாகப் பரப்பலாம். மதியத்துக்குள் அவள் போனில் ஆறுதல் மழை கொட்டியது. புறாப் படம், விடியல் படம், மெழுகுவர்த்திப் படம். பாட்டு, பிரசங்கம், தன் மாமாவுக்கும் இதே வியாதி வந்து அவர் மூன்றே மாதத்தில் போய்ச் சேர்ந்தார் என்று ஒருவர் எழுதிய உற்சாகமூட்டும் அனுபவம்.

சாயங்காலம் கணவரின் அக்கா வெளியூரிலிருந்து கூப்பிட்டார்.

"அழாத, அழாத. உனக்கு ஒண்ணு அனுப்பியிருக்கேன் பாரு. எனக்கு எங்க பக்கத்து வீட்டம்மா அனுப்பினது. யாரோ ஒரு தேவப்பிள்ளை பேசியிருக்கா. என்ன பேச்சு! குரல்ல அப்படி ஒரு அபிஷேகம். கேட்டதும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. நீயும் சபைல ஏதோ பேசுறேன்னு சொல்லுவியே, இந்த மாதிரிப் பேசக் கத்துக்க."

ஆறுதல் அக்கா அதைத் திறந்தாள். பின்னால் யாரோ புல்லாங்குழலைச் சேர்த்திருந்தார்கள். சூரிய அஸ்தமனப் படம் ஒன்றையும் ஒட்டியிருந்தார்கள். மற்றபடி அது போன வருஷத்துச் செவ்வாய்க்கிழமை ஆறுதல். அவளுடையதேதான். நடுவில் ஒரு இடத்தில் குக்கர் விசில்கூடக் கேட்டது. முப்பது வருஷமாக அவள் பேசியதை முழுசாகக் காது கொடுத்துக் கேட்காத நாத்தனாருக்கு அவள் குரல் அடையாளம் தெரியாததில் ஆச்சரியமில்லை.

"கேட்டியா? எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு அண்ணி."

"மனசுக்கு ஆறுதலா இருக்குல்ல?"

"இல்ல அண்ணி" என்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக நாத்தனாரிடம் நினைத்ததைச் சொன்னாள். அவர் அதையும் கேட்காமல் அடுத்த வீடியோவை அனுப்பப் போய்விட்டார்.

அன்றைக்கு மட்டும் அவளுடைய பழைய ஆறுதல்களை அவளுக்கே ஐந்து பேர் அனுப்பினார்கள். அவள் ஒவ்வொன்றையும் கடைசிவரை கேட்டாள். ஒரு வார்த்தையாவது உள்ளே இறங்குமா என்று பார்த்தாள். எல்லாம் சரியான வார்த்தைகள்தாம், ஒன்றிலும் தப்பில்லை. ஆனால் பேசுகிறவளுக்குப் பயமே தெரியாது. பயம் தெரியாதவள் பயந்தவளுக்கு என்ன சொல்லித்தருவாள்?

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனாள். விடுமுறையை ஆஸ்பத்திரிக்கு மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தது. பத்து மணி வாக்கில் ஓர் ஆள் மாட்டிக்கொண்டார். வயசானவர் குரல். முதலில் கம்பெனியைத் திட்டினார். பிறகு கட்டடச் சொந்தக்காரரைத் திட்டினார். திட்ட ஆள் தீர்ந்துபோனதும் அவளைத் திட்டினார். அவள் அட்டையில் இருந்ததைச் சொன்னாள். லிஃப்ட் விழாது, காற்று வரும், ஆள் கிளம்பிவிட்டார். அதன் பிறகு அவர் வேறெதுவும் பேசவில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம், "மேடம், இருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"இருக்கேன் சார்."

"போயிட்டீங்களோன்னு நினைச்சேன்."

"போகல. இங்கதான் இருக்கேன்."

மெக்கானிக் கதவைத் திறக்கும்வரை இதே பேச்சுத்தான். வெளியே வந்ததும் அவர் நன்றிகூடச் சொல்லாமல் போய்விட்டதாக மெக்கானிக் சொன்னார். அது வழக்கம்தான். அக்கா ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு என்னென்ன எடுத்துப்போவது என்று யோசிக்க ஆரம்பித்தாள்.

சனிக்கிழமை மதியம் போதகர் வந்தார். கணவருக்காக ஜெபித்தார். பிறகு கூடத்துக்கு வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அக்கா, இந்த வாரம் நீங்க பேசாம இருந்துடக் கூடாது. இப்பதான் உங்க சாட்சி பலமா இருக்கும். புயலுக்கு நடுவுலயும் சந்தோஷம்னு ஒரு ஏழு நாள் தொடர் பண்ணுங்க. அண்ணனும் குரல் இருக்கும்போதே ரெண்டு வார்த்தை பேசிட்டா, அதை நாம வருஷா வருஷம் போடலாம்."

"எனக்குச் சந்தோஷமா இல்லையே, ஐயா."

"விசுவாசத்துல சொல்லுங்க."

போதகர் கெட்டவர் அல்ல. அவருக்கும் வாரா வாரம் மேடையை நிரப்பியாக வேண்டும். அவர் போனதும் அக்கா பழக்கதோஷத்தில் அலமாரிக்குள் புகுந்தாள். முக்காலியில் உட்கார்ந்தாள். பொத்தானை அமுக்கினாள். "அன்பானவர்களே" என்றாள். மேலே கணவரின் சட்டைகள் தொங்கின. இனி இந்தச் சட்டைகளுக்கு எல்லாம் கழுத்துப் பொத்தான் போட முடியாது என்று திடீரென்று தோன்றியது. அப்புறம் பேச்சு வரவில்லை. செயலாளருக்கு மட்டும் தகவல் சொன்னாள். "கவலைப்படாதீங்கக்கா, பழசு நிறைய ஸ்டாக் இருக்கு, அதையே போடுறேன்" என்றார் அவர். ஆறு வருஷத்து இருப்பு அவரிடம் இருந்தது. அவளிடம்தான் ஒன்றும் இல்லை.

ஆபரேஷன் அன்று காலை ஆஸ்பத்திரியில் அவருக்குப் பச்சை அங்கி ஒன்றை மாட்டிவிட்டிருந்தார்கள். முதுகுப் பக்கம் திறந்து கிடக்கும் அங்கி. "பின்னாடி கதவு பூட்டல" என்று அவர் புகார் செய்தார். மகள் வெளியூரிலிருந்து வந்து கீழே மருந்துக்காக வரிசையில் நின்றிருந்தாள். ஜன்னல் ஓரக் கட்டிலில் அவரும், பக்கத்து நாற்காலியில் அக்காவும் மட்டும் இருந்தார்கள். ஸ்ட்ரெச்சர் வரக் கொஞ்ச நேரம் இருந்தது.

"ஜெபம் பண்ணு" என்றார்.

முந்நூறு குடும்பங்களுக்குப் பேசியவளுக்கு, எதிரே கிடக்கும் ஒரே ஒரு ஆளுக்காக வாய் திறக்க முடியவில்லை.

"போதகரைக் கூப்பிடட்டுமா?"

"அவர் வந்தா என்னைப் பேசவிட்டு ரெக்கார்ட் பண்ணுவாரு. நீ பண்ணு."

அவள் கண்ணை மூடினாள். "சர்வ வல்லமையுள்ள எங்கள் நல்ல ஆண்டவரே, புயலையும் அமர்த்துகிறவரே, இந்த நல்ல காலை வேளையிலே…" அந்தத் தேன் குரல் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. ஏற்றம் வந்தது, இறக்கம் வந்தது. டொக்கென்று ஒரு சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தாள். அவருடைய வலது கால் கட்டில் கம்பியை முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது. பிரேக் போட்டிருந்தார்.

"என்னங்க?"

"இது வேண்டாம். இது குழுவுக்கு."

"வேற எனக்கு வரலையே!" அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "நான் ஆண்டவர் மேல கோபமா இருக்கேன். என் மேலயும் கோபமா இருக்கேன். நீங்க ரெண்டு தரம் கேட்டீங்க, நான்தான் வேண்டாம்னேன். எனக்கு ஒரு வசனமும் ஒட்டல. நான் என்னத்த ஜெபிக்கிறது?"

அவர் மிச்சமிருக்கும் குரலை எதற்குச் செலவழிப்பது என்று யோசிப்பவர்போலக் கூரையைப் பார்த்தார்.

"லிஃப்ட்டுல மாட்டினவங்க உங்கிட்ட எப்படிப் பேசுவாங்க?"

"திட்டுவாங்க. அழுவாங்க. இருக்கீங்களா இருக்கீங்களான்னு கேப்பாங்க."

"அழகா பேசுவாங்களா?"

"இல்ல."

"அதுக்காக நீ லைனைக் கட் பண்ணுவியா?"

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த முறை கண்ணை மூடவும் இல்லை. கூட்டிப் பெருக்க வந்த ஆயா திரும்பிப் பார்த்தாள். பார்த்தால் பார்க்கட்டும் என்று அக்கா விட்டுவிட்டாள்.

"ஆண்டவரே, இருக்கீங்களா?" என்றாள். குரல் கரடுமுரடாக இருந்தது. "நான்தான். ரொம்ப நாளா உங்ககிட்ட பேசல, ஊரெல்லாம் உங்களப் பத்திப் பேசிட்டிருந்தேன். எனக்குப் பயமா இருக்கு. இவரை நான் சீக்கிரம் கூட்டிட்டு வந்திருக்கணும், வரல. அதுக்கு என்னை மன்னிச்சிடுங்க. உங்க மேல எனக்கு வருத்தம் இருக்கு, அதையும் இப்பவே சொல்லிடுறேன். இவர் குரலை எதுக்குங்க எடுக்குறீங்க? ஊர்ல எவ்வளவு பேர் தேவையில்லாம பேசிட்டுத் திரியிறாங்க. என்னையே எடுத்துக்கோங்க. சரி, உங்களுக்குத் தெரியும். அந்த டாக்டர் பொண்ணு கை நடுங்காம இருக்கட்டும். இவரைத் திருப்பிக் கொடுத்துடுங்க. நீங்க ஒண்ணும் பதில் சொல்ல வேண்டாம். லைன்ல மட்டும் இருங்க. எனக்கு வேற யாரும் இல்ல."

அதற்கு மேல் வரவில்லை. முடிப்பதற்கு வழக்கமான வார்த்தைகளும் ஞாபகத்துக்கு வரவில்லை. அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. பிறகு அடிவயிற்றிலிருந்து, இத்தனை மாதமாக எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ தெரியாது, பெஞ்சு அதிர்கிற அந்தப் பழைய குரலில் பாதியாவது இருக்கும், "ஆமென்" என்றார்.

உடனே இருமல் வந்துவிட்டது. ஸ்ட்ரெச்சரும் வந்துவிட்டது. உருட்டிக்கொண்டு போகும்போது அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையை மட்டும் தூக்கிக் காட்டினார்.

ஆபரேஷன் அறையின் கதவு மூடிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அதுதான் அவர் குரலின் கடைசி வார்த்தை. ஆறு வருஷமாகத் தன் பேச்சை ஒரு தும்மல்கூட விடாமல் பதிந்து வைத்தவள், அதைப் பதியவில்லை. போன் கைப்பையில் கிடந்தது. அவள் அந்த நீளமான பெஞ்சில் உட்கார்ந்து, "இருக்கீங்களா?" என்று மறுபடி கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள். சாயங்காலம் வரை கேட்டுக்கொண்டே இருந்தாள். பயம் போய்விட்டது என்று சொன்னால் அது அலமாரிப் பொய். பயம் அப்படியே இருந்தது. ஆனால் அந்தப் பெஞ்சில் அவள் தனியாக இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று மூன்று நிமிஷத்தில் விளக்கச் சொன்னால் அவளால் முடியாது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் வந்து சொன்னாள். மற்றதைப் போகப் போகப் பார்க்கலாம் என்றாள். அவளும் நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிற கட்சி.

மறுநாள் காலை, பழைய இருப்பைப் போட வேண்டாம் என்று செயலாளரிடம் சொல்லிவிட்டு, தாழ்வாரத்தில் நின்றபடியே அக்கா குழுவுக்குப் பேசினாள். "இன்னைக்கு எனக்குப் பயமா இருக்கு. அதை ஆண்டவர்கிட்ட சொன்னேன். நீங்களும் உங்களுக்கு இருக்கிறதைச் சொல்லுங்க." அவ்வளவுதான். கும்பிட்ட கைகள் சரியாக நான்கு. "நெட்வொர்க் பிரச்சினையா அக்கா? பாதியிலேயே கட் ஆகுது" என்று ஒருவர் கேட்டார். அபிஷேகம் குறைந்துவிட்டதாக இன்னொருவர் வருத்தப்பட்டார். முன்பென்றால் இதற்கே இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்திருப்பாள். இப்போது போனைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்கும் சில நாள் கழித்து அவரைத் தீவிர சிகிச்சையிலிருந்து வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். கழுத்தில் ஒரு குழாய், மூக்கில் ஒரு குழாய், கைக்கு எட்டும் தூரத்தில் எழுதிக் காட்ட ஒரு சிலேட்டு. மூச்சு கழுத்து வழியாகப் போய் வந்தது. அவர் சிலேட்டைத் தொடவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். கிண்டலுக்குக்கூட அதை எடுக்கவில்லை என்பதுதான் அக்காவை அதிகமாகப் பயமுறுத்தியது.

வார்டுக்கு வந்த மறுநாள் விடிந்ததும் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டாள்.

"ஆண்டவரே, இருக்கீங்களா? நான்தான், நேத்தும் வந்தவ. ராத்திரி இவர் தூங்கல, நானும் தூங்கல. இவர் யார்கிட்டயும் கோபப்படக்கூட மாட்டேங்குறாரு. எனக்கு அது பிடிக்கல. இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் எங்களப் பார்த்துக்கோங்க. நாளைக்கு உள்ளதை நாளைக்கு வந்து கேக்குறேன்."

முடித்துவிட்டுக் காத்திருந்தாள். எதற்குக் காத்திருக்கிறோம் என்று அவளுக்கு முதலில் தெரியவில்லை. அவர் உதடுகள் பிரிந்தன. தொண்டை நரம்பு புடைத்தது. கழுத்துக் குழாயில் காற்று மட்டும் புஸ்ஸென்று வந்தது. மறுபடி முயன்றார். மறுபடியும் காற்றுதான். வியாதி என்று தெரிந்த நாளிலிருந்து ஒரு சொட்டு சிந்தாத மனிதரின் கண்ணிலிருந்து நீர் காதோரமாக ஓடியது.

அக்கா எழுந்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டாள். அடிவயிற்றை எக்கி, தேனும் இல்லாத சர்க்கரையும் இல்லாத ஒரு தடித்த உறுமலில், வார்டே அதிரும்படி, "ஆமென்!" என்று போட்டாள்.

அடுத்த கட்டில்காரர் தூக்கிவாரிப் போட்டு எழுந்து உட்கார்ந்தார். தாழ்வாரத்தின் கோடியிலிருந்து நர்ஸ் ஓடிவந்தாள்.

"யாருங்க அது காலங்காத்தால கத்துறது? இது வார்டுன்னு தெரியாதா?"

ஆறுதல் அக்கா கட்டிலைக் காட்டினாள்.

"இவருதாங்க" என்றாள்.